ஐந்தாவது ஆள்

கம்பெனி கிராணி அதை மைலோ டின்னுக்குள்
குளியல் துண்டு சுற்றிக் கொண்டுவந்தார்.
துரை பங்களா விலைபோகிறது, உள்ளே கிடக்கும் சாமானோடு.
லண்டன் ஏலக்காரர்களுக்கு
எல்லாப் பக்கமும் படம் வேண்டுமாம்.
பீடோங்கில் மிச்சமிருக்கும் ஸ்டூடியோ நான்தான்.
முப்பது வருஷமாக இதே பேச்சு:
நேரா பாரு, பல்லு தெரியக்கூடாது,
ரெண்டு காதும் தெரியணும்.

ஒரு சாண் உயர மண் ஜாடி.
வாயை மூன்றாகக் கிள்ளிவிட்டிருந்தார்கள்,
அழப்போகிற பிள்ளையின் உதடு மாதிரி.
எத்ருஸ்கர் என்று காகிதத்தில் இருந்ததைக்
கிராணி எட்டூர்க்காரர் என்று வாசித்தார்.
நான் திருத்தவில்லை.
ரோமாபுரி எழும்புமுன் இத்தாலியில்
எட்டு ஊர் இருந்திருக்காதா என்ன.

கறுப்பில் தீட்டி, ஊசியால் கீறிய வேட்டை.
ஒரு பன்றி, நான்கு நாய்கள்,
ஈட்டியோடு ஐந்து பேர்.
பன்றி சட்டகத்துக்குள் வந்தால்
குத்துகிறவன் வெளியே போய்விடுகிறான்.
அவனைத் திருப்பினால் நாய்க்கு வால் போகிறது.
எவனுக்கும் ஒரு காதுதான்.
பாஸ்போர்ட் ஆபீசில் ஒருத்தனும் தேறமாட்டான்.

துப்பாக்கி லைசென்சுக்குப் படமெடுக்க
சவரிராயன் வந்திருந்தார்.
செம்பனைக் கன்றுகளைத் தோண்டும் பன்றிகளைச் சுட
கம்பெனி வைத்திருக்கும் ஆள்.
முக்காலியில் உட்காராமல் ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
"வரைஞ்சவன் வேட்டைக்குப் போனவன்தான்.
காதைப் புடிச்ச நாய் பொழைக்கும்.
தொடையைப் புடிச்சது கீழ கெடக்கு பாருங்க."
கிடந்தது,
பன்றியின் வயிற்றுக்கடியில்,
குடல் ஒரே கீறலாக.
போகும்போது வாசலில் நின்று சொன்னார்:
"அத மட்டும் எனக்கொரு காப்பி போடுங்க.
எங்க டைசனுக்குப் படமே எடுத்ததில்ல."

மறுநாள் கிட்டத்தில் வைத்து எடுத்தேன்.
விளக்கு சூடேறியதும் ஜாடி நாறத் தொடங்கியது.
இத்தாலி நாற்றமில்லை. நம் பால் ஸ்டோர் நாற்றம்.
பின்பக்க விரிசல் முழுக்கப் பழுப்பேறிய ஒட்டுப்பால்.
கைப்பிடிக்குக் கீழே ஒரு சில்லு
அந்த மண்ணே அல்ல.
பால் மங்கு ஒன்றை உடைத்து, கல்லில் உரசி,
வளைவுக்கு வளைவு பொருத்தியிருக்கிறான்.
எந்தத் துரையின் காலத்திலோ
தூசி தட்டும்போது கை தவறி,
விடிவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை.

அந்தச் சில்லில்தான் ஐந்தாவது ஆள் இருந்தான்.
விளக்குக்கரியில் வரைந்தது.
தோளில் ஈட்டி என்றுதான் எண்ணியிருந்தேன்.
பெரிதாக்கினால் காண்டாக் கம்பு,
இரு முனையிலும் வாளி.
நெற்றியில் ஒரு புள்ளி, தலைவிளக்கு.
மற்ற நால்வரும் முழங்கால் மடங்க ஓடுகிறார்கள்.
இவன் நடக்கிறான்.
ஓடினால் பால் சிந்தும்.

லண்டனிலிருந்து பதில் வந்தது. படங்கள் அருமையாம்.
இருபத்தேழாவதில் தெரிவது பிற்காலச் சேர்க்கையாம்,
கழற்றிவிட்டு அந்த இடத்தைப் பூசிவிடுவார்களாம்.
கழற்றிய சில்லை என்ன செய்வீர்கள் என்று
எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன்.
அதற்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

கடைக் கண்ணாடியில்
கல்யாண ஜோடிகளுக்கும் பட்டமளிப்புத் தொப்பிகளுக்கும் நடுவே
இருபத்தேழை மாட்டியிருக்கிறேன்.
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள்,
பஸ் வந்ததும் போகிறார்கள்.

சவரிராயன் நாய்ப் படம் வாங்க இன்றைக்குத்தான் வந்தார்.
ரெண்டு வெள்ளியை மேசையில் வைத்துவிட்டு
லைசென்ஸ் உறைக்குள், தன் முகத்துக்குப் பின்னால்,
அதைச் செருகிக்கொண்டார்.
பிறகு கண்ணாடி முன் நின்றவர்
வெகுநேரம் நகரவில்லை.
"பன்னி நிக்கிற இருட்டுக்குள்ள போறான்," என்றார்.
"கூட ஒரு நாய்கூட இல்ல."